கத்தி ஓரூர், உறை வேறூர்

தென்னிந்தியாவின் பழைய குத்துவாள்கள் வெளிநாட்டு ஏலக்கூடங்களுக்கு வரும்போது, கூடவே வரும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும்: தஞ்சாவூர் அல்லது தக்காணம். திருநெல்வேலி என்று எழுதிய சீட்டைக் காண்பது அபூர்வம். மதுரை நாயக்கர் காலத்தில் பாளையங்களாகப் பிரிக்கப்பட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயுதமும் கையுமாக வாழ்ந்த சீமை இது. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊத்துமலை, சிங்கம்பட்டி என ஒவ்வொரு பாளையமும் தனக்கென்று படை வைத்திருந்தது. அந்தப் படைக்காரர்களின் இடுப்பில் செருகியிருந்த கத்திகள் எங்கே போயின?

விடையின் பெரும்பகுதி மூன்றே ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பாளையக்காரர்களுக்கு உத்தரவு போனது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி 1801இல் கோட்டையை மீண்டும் எழுப்பியபோது அடங்கியிருந்த போர் மறுபடி மூண்டது. அதுவும் முடிந்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. ஒப்படைத்தவை ஒப்படைத்தபடி போயின. ஒளித்தவை மண்ணுக்குள்ளும் பரணுக்குள்ளும் துருவேறின. நல்ல எஃகைத் தூக்கிப்போட எந்த உழவனுக்கும் மனம் வராது என்பதால், கணிசமானவை அரிவாளாகவும் மண்வெட்டியாகவும் மறுபிறப்பு எடுத்திருக்கும் என்று நம்ப இடமுண்டு.

இதற்கு நேர் எதிரான கதை குடகில் நடந்தது. 1861இல் ஆங்கில அரசு குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. அதனால் அவர்களுடைய பிச்சங்கத்தி, உறையோடும் வெள்ளிச் சங்கிலியோடும், வீடுதோறும் தப்பிப் பிழைத்தது. இன்றும் குடகு மாப்பிள்ளை கல்யாணத்தில் அதை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டுதான் நிற்கிறார். எங்கே செய்தார்கள் என்பதைவிட, எங்கே தப்பிப் பிழைக்க விட்டார்கள் என்பதுதான் ஒரு வகைக் கத்திக்குப் பெயரை வாங்கித் தந்திருக்கிறது. பழைய கத்திகளின் பூர்வீகம் பற்றிய ஆய்வு முழுக்க இந்தச் சாய்வு படிந்திருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு சீட்டையும் நம்பக் கூடாது.

தஞ்சாவூரின் புகழும் அப்படி வந்ததுதான். 1855இல் மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, சமஸ்தானம் கம்பெனியின் கைக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறைகளாகச் சேர்ந்திருந்தவை பின்னர் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயின. சென்னை மாகாண சிவில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இந்த அழிவைப் பற்றி எழுதினார். உடைபடாமல் பொறுக்கி எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. இன்னும் சில கடல் கடந்தன. ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட ‘இந்து ஆர்ம்ஸ் அண்ட் ரிச்சுவல்’ நூல் எழும்பூரில் இருக்கும் அந்தத் தொகுதியை அடிப்படையாக வைத்துத்தான் தென்னிந்திய ஆயுதங்களின் இலக்கணத்தை வகுத்தது. மிகச் சிறந்த பணி அது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருக்கும் பெரிய தொகுதி அது ஒன்றே என்பதால், அதைப் போலத் தோன்றும் எல்லாமே ‘தஞ்சாவூர்’ ஆகிவிடுகின்றன. தஞ்சைக் கோட்டைக்குள் இருந்த ஆயுதங்கள் எல்லாம் தஞ்சையில் செய்தவை என்பதற்கும் ஆதாரமில்லை. ஆயுதசாலைக்கு விலைக்கு வாங்கியதும் வரும், பரிசாக வந்ததும் வரும், போரில் பிடித்ததும் வரும்.

இனி கத்தியையே எடுத்துப் பார்க்கலாம். ஒரு நல்ல கட்டாரி ஒற்றை ஆளின் வேலையல்ல. அலகைக் கொல்லர் அடித்தார். பித்தளைப் பிடி என்றால் கன்னாரிடமும், வெள்ளி வேலை என்றால் தட்டாரிடமும் போனது. உறைக்குள் இருக்கும் மரத்தைத் தச்சர் குடைந்தார், மேல்தோலைத் தோல் வேலைக்காரர் போர்த்தினார். இத்தனை கைகளும் ஒரே ஊரில் இருந்தன என்று எடுத்துக்கொள்ளக் காரணம் எதுவுமில்லை. அலகு, பிடி, உறை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஊரும் காலமும் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். அதைப் பலர் வாயளவில் ஒப்புக்கொள்கிறார்கள். சீட்டு எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

அலகில் தொடங்கினால் முதலில் வருவது பறங்கி அலகு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வாள் அலகுகள் கப்பல் கப்பலாகத் தென்னிந்தியாவுக்கு வந்தன. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் இருப்பது அப்படி வந்த நீண்ட வாளைத் துண்டித்துப் பொருத்திய அலகுதான். நடுவே ஓடும் பள்ளங்களில் ‘அந்திரேயா பெராரா’, ‘ஜெனோவா’ போன்ற பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். அதனாலேயே இத்தாலியில் செய்தது என்று முடிவு கட்டவும் முடியாது. பெராரா என்ற பெயருக்கு இருந்த மவுசினால் ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் அதைத் தாராளமாக வெட்டி விற்றன. இந்தியக் கொல்லர்களும் ஐரோப்பிய முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். எழுத்து இருக்கிறதே என்று ஊரைச் சொல்லிவிடுபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தாமிரபரணிக் கரைக்கு இது அந்நியச் சங்கதியும் அல்ல. அதன் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு அரேபியாவிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிந்திருக்கிறார். 1530களில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. குதிரையும் முத்தும் கைமாறிய துறையில் அலகும் கைமாறியிருக்கும். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஆரியங்காவுக் கணவாயும் திருவிதாங்கூருக்குத் திறந்த கதவுகள். இந்தச் சீமைக்குள்ளேயே கிழக்குப் பாளையங்கள் பலவும் ஆந்திரப் பக்கமிருந்து வந்த தெலுங்கு நாயக்கர்களுடையவை, மேற்கில் இருந்தவை பெரும்பாலும் மறவர்களுடையவை. ஒரு தெலுங்குப் பாளையக்காரர் வீட்டில் தக்காணக் கத்தி இருந்தால், அது கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம், முப்பாட்டன் இடுப்பில் வந்ததாகவும் இருக்கலாம். ‘திருநெல்வேலிப் பாணி’ என்று ஒன்றை வரையறுக்க யாரும் துணியாததற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

பிடி ஓரளவு நேர்மையான சாட்சி. கட்டாரியின் பிடியை மூடி, புறங்கையைக் காக்கும் இலை வடிவத் தகடு விஜயநகர, நாயக்கர் மரபின் தெளிவான அடையாளம்; வடநாட்டுக் கட்டாரியில் அது இருக்காது. யாளித் தலை, மகர வாய், கிளி மூக்கு, அலகின் வேர்ப்பகுதியில் இருபுறமும் ஆணியடித்துப் பிடித்த வெட்டுவேலைத் தகடுகள், இவையும் தெற்கைக் காட்டும். ஆனால் ‘தெற்கு’ என்பதைத் தாண்டி, அது மதுரையா செஞ்சியா வேலூரா என்று பிரிக்க இவை மட்டும் போதாது. போதாக்குறைக்கு, நம்மூர் வாள்களின் பிடி பெரும்பாலும் அரக்கை உருக்கி ஊற்றி ஒட்டியது. சூடு காட்டினால் இளகிவிடும். பழைய அலகை உருவிவிட்டுப் புதியதைச் செருக அரைநாள் போதும். பிடிக்கும் அலகுக்கும் இடையில் கசிந்து நிற்கும் அரக்கு கண்ணாடிபோல் புதிதாக மின்னுகிறதா, அழுக்கேறி வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது தேர்ந்தவர்களின் வழக்கம்.

உறைக்கு வருவோம். சேகரிப்பவர்கள் கடைசியாகப் பார்ப்பதும், அதிகம் பேசக்கூடியதும் அதுதான்.

ஒரு சாதாரண உறை இரண்டு மென்மரப் பட்டைகள். அலகு படுக்கும் அளவுக்கு உட்புறம் குடைந்து, ஒட்டி, மேலே தோலோ வெல்வெட்டோ போர்த்தி, பின்பக்கம் தையலிட்டிருப்பார்கள். வாயில் ஒரு பூண், நுனியில் ஒரு பூண். அலங்காரமெல்லாம் அந்தப் பூண்களில்தான் குவியும்: தட்டி எழுப்பிய கொடி, அன்னம், தாமரை மொட்டு. ஆராய்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பூவேலையை அல்ல, வாய்ப்பூணின் உள்விளிம்பை. கத்தி தலைமுறைகளாக அதே உறையில் ஏறி இறங்கியிருந்தால், அலகின் முதுகு உரசும் இடத்தில் உலோகம் மழுங்கிப் பளபளத்து ஒரு தேய்மானக் கோடு விழுந்திருக்கும். அலகின் தடிமனும் அந்தக் கோட்டின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் ஜோடியல்ல. அடுத்தது மரத்தின் உட்புறம். ஒரு சிறு விளக்கை வாய்வழியே விட்டுப் பார்த்தால், அலகின் துரு மரத்தில் பழுப்பாகப் படிந்து அதன் நிழலுருவம் தெரியும். இன்று உள்ளே இருக்கும் கத்தி நேராக இருந்து, மரத்தில் படிந்த உருவம் வளைந்திருந்தால், அந்த உறை வேறொரு கத்திக்காகப் பிறந்தது.

அக்கம்பக்கத்து உறைகளோடு ஒப்பிடாமல் இங்குள்ள உறையைப் படிக்க முடியாது. குடகு உறையில் வெள்ளி அல்லது பித்தளைப் பட்டைகளும், முள்வாங்கி, காதுக்குறும்பி எடுக்கும் கரண்டி தொங்கும் சங்கிலியும் இருக்கும். கண்டிச் சிங்களவரின் ‘பிஹ கெட்ட’ கத்தி கனத்த ஒருபக்க அலகு கொண்டது. அதன் பிடியிலும் அலகின் வேரிலும் உறைப் பூணிலும் ஒரே கொடிவேலை தொடர்ந்து ஓடும். அரசனுக்காக வேலை செய்த பட்டறைகளைப் பற்றி ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரையோடு உறவு கொண்ட நாயக்கர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கடல் கடந்த வழியில் தட்டாரும் நகையும் கடந்திருப்பார்கள். எனவே தூத்துக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கொடிவேலைப் பூண் போட்ட உறை இருந்தால், அது கண்டியிலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து போன கையின் வேலை கண்டியில் வளர்ந்ததா என்று இரு பக்கமும் கேட்க வேண்டும். சந்தை ஒரு பக்கம் மட்டுமே கேட்கிறது.

குத்துவாள் என்ற பெயரில் விற்கப்படும் சிறிய கத்திகளில் சில ஆயுதமே அல்ல. ஓலையைச் சீவும் கத்தியும் எழுத்தாணியும் ஒரே உறையில் செருகி இடுப்பில் வைத்துக்கொள்வது கணக்கெழுதியவர்களின் வழக்கம். உறையில் இரண்டாவதாக ஒரு குறுகிய துளை இருந்து, அது காலியாக இருந்தால், அங்கே எழுத்தாணி இருந்ததா என்று பார்க்க வேண்டும். எழுத்தாணி தொலைந்ததும் கத்திக்கு வீரம் வந்துவிடுகிறது, விலையும் கூடிவிடுகிறது.

சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் வெள்ளி உறை என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதைக் கோயில் சொத்து என்று சொல்லி விற்பது எளிது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக ‘சுவாமி’ பாணி வெள்ளிப் பாத்திரங்களை ஏராளமாகச் செய்தன. அதே பாணி ஓர் உறையில் ஏறியிருந்தால், அது சன்னிதியில் இருந்து வந்ததைவிடத் துரைமாரின் வரவேற்பறையில் இருந்து வந்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

கல்லில் இருக்கும் கத்தி துருப்பிடிப்பதில்லை, உறை மாறுவதும் இல்லை. அதனால் தேதி தெரிந்த கோயில் சிற்பம் இந்த ஆய்வுக்குப் பெரிய துணை. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னர் சிலைகளில் இடைக்கச்சையில் செருகிய குத்துவாளைக் காணலாம். அந்த மண்டபத்தைக் கட்டிய திருமலை நாயக்கரின் ஆட்சி 1623 முதல் 1659 வரை என்பதால் அந்த வடிவத்துக்குக் காலம் கிடைத்துவிடுகிறது. நெல்லைச் சீமையில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில், திருக்குறுங்குடி நம்பி கோயில், ஸ்ரீவைகுண்டம் ஆகியவற்றில் நாயக்கர் கால வீரர் சிற்பங்கள் நிறைய. இங்கே ஒரு பாகுபாடு அவசியம். வீரபத்திரர் கையில் இருக்கும் ஆயுதம் சாத்திரம் விதித்தது. அதை வைத்து அந்தக் காலத்துப் பட்டறையைப் பேச முடியாது. கொடையாளியின் இடுப்பில் இருப்பதோ சிற்பி நேரில் கண்டது. கிருஷ்ணாபுரம் சிற்பங்களின் நரம்பையும் நகத்தையும் வியந்து எழுதியவர்கள் ஏராளம். அவற்றின் ஆயுதங்களை அளந்து வரைந்து ஒரு தொகுப்பு வந்தால், அது எந்த ஏலச் சீட்டைவிடவும் இந்தத் துறைக்கு உதவும்.

ஆய்வுக்கூடம் எவ்வளவு உதவும்? நிறைய, ஆனால் சந்தை சொல்லும் அளவுக்கு அல்ல. உறையின் மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினால் ஆண்டு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 1650க்குப் பிறகு வளிமண்டலக் கரிமத்தின் அளவு ஏறி இறங்கியதால், அந்த முறை ஒரே மரத்துண்டுக்குப் பதினேழாம் நூற்றாண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் சேர்த்தே விடையாகத் தரக்கூடும். பாளையக்காரர் காலம் முழுக்க அந்தக் குழப்பத்துக்குள் விழுகிறது. பித்தளையில் துத்தநாகம் மிகுந்திருந்தால் பிற்காலத்தது என்ற ஐரோப்பிய விதியும் இங்கே அப்படியே செல்லாது. ராஜஸ்தானின் ஜாவரில் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டு முன்பே துத்தநாகத்தை வடித்தெடுத்தார்கள். மாறாக, பற்றுவைப்பில் காட்மியம் தென்பட்டால் அந்த இணைப்பு இருபதாம் நூற்றாண்டுக் கைவேலை. வெல்வெட்டின் சாயம் செயற்கைச் சாயம் என்றால், பெர்க்கின் 1856இல் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் துணி போர்த்தப்பட்டிருக்க முடியும். பிடி தந்தமா எலும்பா என்பதை வெட்டுமுகத்தில் தெரியும் குறுக்கு வலைக்கோடுகள் சொல்லிவிடும். பொய்யை வெளிப்படுத்துவதில் ஆய்வுக்கூடம் கெட்டி. ஊர்ப்பெயர் சொல்வதில் இன்னும் தடுமாறுகிறது.

அலகின் எஃகு மட்டும் ஒரு விதிவிலக்காக ஆகக்கூடும். தென்னாட்டு உருக்கு மூசையில் செய்தது. மெருகேற்றி அமிலம் தடவினால் நீரலைபோல் வரி ஓடும். 1795இல் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு பாரடே அதன் ரகசியத்தைத் தேடினார். இரும்பில் சிக்கிய கசடின் நுண்தனிமங்களை உருக்கு உலைகளின் கசடோடு ஒப்பிட்டால் மூலத்தை நெருங்கலாம். அதற்கு ஊர் ஊராகக் கசடு மாதிரிகள் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அந்த வேலைக்குத் தாமிரபரணியைவிடப் பொருத்தமான கரை இல்லை. ஆதிச்சநல்லூர் மேட்டில் 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டி, கிடைத்த இரும்பாயுதங்களையும் மண்டையோடுகளையும் எடுத்துச் சென்றார். 1899இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, 1915இல் பட்டியல் வெளியிட்டார். முதுமக்கள் தாழிகளை ஒட்டி வாள்களும் ஈட்டிகளும் குத்துவாள்களும் நுனி கீழாக நின்றதையும், துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல் அது இருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். நெல்லைச் சீமையின் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டாரி எதற்கும் இவ்வளவு தெளிவான இடக்குறிப்பு கிடையாது.

பக்கத்திலுள்ள சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை எடுத்தவற்றில் கத்திகள், வாள்கள், அம்புமுனைகள் உட்பட 85க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் உண்டு. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை அங்கிருந்து கி.மு. 2953 முதல் 3345 வரையிலான காலக்கணிப்புகளைத் தந்தது. அறிஞரிடையே விவாதம் தொடர்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தக் காலக்கணிப்பு நேராக இரும்பிலிருந்து வந்ததல்ல; அதோடு கிடந்த கரியிலிருந்தும் பானையோட்டிலிருந்தும் வந்தது. தாழியிலிருந்து பிரித்து எடுத்து ஒரு கடையில் வைத்துவிட்டால் அதே கத்தி வெறும் துருக்கட்டி. புதைந்த இரும்பின் மேல் இருந்த மரமோ தோலோ மக்கிப்போனாலும், அதன் நார் வடிவம் துருவில் அச்சாக உறைந்து நிற்பதுண்டு. நுண்ணோக்கியில் மரத்தின் இனத்தைக்கூடச் சொல்லலாம். அவசரப்பட்டுத் துருவைச் சுரண்டினால், உறையைப் பற்றிய ஒரே தடயம் தூசியாகிவிடும்.

இடக்குறிப்பு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ராஜஸ்தானில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1689இல் முகலாயர் பக்கம் நின்று ஆதோனிக் கோட்டையைப் பிடித்த பிகானேர் அரசர் அனூப் சிங், அங்கே கிடைத்த தென்னாட்டு ஆயுதங்களை அள்ளிச் சென்றார். பிகானேர் ஆயுதசாலையில் அவற்றின் மேல் ஆதோனி என்றும் ஆண்டும் புள்ளிப்புள்ளியாகக் குத்தி வைத்தார்கள். கொள்ளையடித்தவரின் கணக்கு எழுத்துதான் இன்று தென்னிந்தியக் குத்துவாள்களின் காலத்தை நிலைநிறுத்தும் உறுதியான ஆணி. திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் இலண்டன் போன்ஹாம்ஸில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனதற்கும், கைமாறிய வரலாறு தொடர்ச்சியாகத் தெரிந்ததே முக்கியக் காரணம். 1801இல் நெல்லைச் சீமையில் பறித்தவற்றின் மேல் அப்படி யாராவது ஊரும் நாளும் குத்தி வைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது.

இன்னமும் வாய்ப்பு முழுதாகப் போய்விடவில்லை. முன்னாள் ஜமீன் வீடுகளில் சில உடைவாள்கள் இருக்கின்றன. சுடலைமாடன், இசக்கி, கருப்பசாமி கோயில்களில் கொடைக்கு எடுக்கும் வல்லயமும் அரிவாளும் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவற்றில் பல அண்மையில் நேர்ந்து அடித்தவை; அடியில் கிடக்கும் ஒன்றிரண்டு மிகப் பழையவையாகவும் இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; உள்நாட்டில் அந்த வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஆயுதச் சட்டத்தின் பயமும் சேர்ந்துகொள்வதால் வீட்டார் பேசத் தயங்குகிறார்கள். தயக்கத்தின் முடிவில் கத்தி ஒரு தரகர் கைக்கும், வெள்ளிப் பூண் அடகுக்கடைக்கும் பிரிந்து போய்விடுகின்றன.

அருங்காட்சியகங்கள் முந்திக்கொள்ள வேண்டும். பொருளைக் கேட்காமல், இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, அலகு, பிடி, உறை மூன்றையும் தனித்தனியே அளந்து, யார் வழியாக வந்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே பதிந்துகொண்டால் போதும். ரெட்டியார்பட்டியில் எழுந்திருக்கும் பொருநை அருங்காட்சியகம் ஆதிச்சநல்லூர் இரும்பையும் சிவகளை இரும்பையும் கொண்டாடுவது நியாயமே. நாயக்கர், பாளையக்காரர் கால இரும்புக்கும் அங்கே ஒரு மேசை ஒதுக்கலாம். எழும்பூரில் ‘தஞ்சாவூர்’ என்ற பொதுப்பெயரில் இருப்பவற்றில் எவை தெற்கிலிருந்து போனவை என்று சரிபார்க்க, பாஞ்சாலங்குறிச்சி நாயக்கர் சீமையிலும் மறவர் பாளையங்களிலும் இப்படிச் சேரும் அளவுகளே முதல் ஒப்பீட்டு மாதிரிகளாக அமையும்.